பதினொன்றரை மணியின் அளவு

ஜனவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுதத்தான் வேண்டும். முட்டி வலியைச் சேர்க்காவிட்டால் அது உண்மையும்கூட. நீயும் அப்பாவும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? குளிரில் அப்பாவுக்கு மூச்சிரைப்பு கூடியிருக்கிறதா? போன் பண்ணிக் கேட்டால் என்ன என்பாய். ஆறு வருடத்துக்கு முன்பு நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனைக் கீழே வைத்த மனிதர் இருக்கும் வீட்டுக்கு நான் போன் பண்ணுவதில்லை. கடிதத்தையும் பாதியில் கீழே வைக்கலாம்தான். ஆனால் அந்தச் சத்தம் எனக்குக் கேட்காது.

வேலை கிடைத்துவிட்டது. இருபத்திரண்டு வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்துவிட்டு, என்னிடம் படித்தவனையே துறைத் தலைவராகப் பார்க்க நேர்ந்ததும் கல்லூரியை விட்டு வெளியே வந்தேன் அல்லவா? இப்போது எங்கே வந்து சேர்ந்திருக்கிறேன் தெரியுமா? நம் பழைய மில்லுக்கு. மூடிக் கிடந்த கட்டடத்தில் முதலாளியின் பேரன் ஒரு அறக்கட்டளை வைத்து, அறிவியலுக்கும் தொழிலுக்குமாகச் சின்ன அருங்காட்சியகம் ஒன்று திறக்கப் போகிறான். நான் காப்பாளர். சாவிக் கொத்து, மேசை, மின்விசிறி, ஒரு காவலாளி. ஆகஸ்டு கடைசியில் திறப்பு.

நான்கு அறைகள். முதல் அறையில் தந்திக் கருவியும், இந்த ஊருக்கு முதலில் வெளிச்சம் கொடுத்த டைனமோவும். இரண்டாவதில் நெசவு வடிவங்களுக்காக ஓட்டை போட்ட அட்டைகள். கணிப்பொறிக்குக் கொள்ளுத்தாத்தா என்று எழுதி வைத்திருக்கிறேன். மூன்றாவதில் தொழிலாளர் வருகையை அட்டையில் குத்தும் கடிகாரம். அதன் முதுகில் ஒரு நெம்புகோல் இருக்கிறது. காலையில் ஒரு பக்கம் தள்ளினால் வேகமாக ஓடும், வருகிறவனுக்குத் தாமதம்; மாலையில் மறுபக்கம் தள்ளினால் மெதுவாக ஓடும், சம்பளமில்லாமல் கூடுதல் வேலை. அதைக் கண்டுபிடித்துப் பலகையில் எழுதினேன். செயலாளர், அதாவது அந்தப் பேரன், அந்த வரியை எடுக்கச் சொன்னான். எடுத்தேன். பலகையிலிருந்து மட்டும்.

கடைசியாக பாய்லர் கொட்டகை. அப்பா பார்த்துவந்த பாய்லர் அங்கேயே கிடக்கிறது அக்கா, வெடித்த வயிற்றோடு. முப்பத்தெட்டு வருடத் துரு. அதற்கு முன்னால் ஒரு பலகை வைப்பேன், அதில் உண்மையை எழுதுவேன். அன்றைக்கு அழுத்தத்தைக் கூட்டச் சொன்னது இன்ஜினியர். விசாரணையில் தப்பித்ததும் அவர். வேலை போனது அப்பாவுக்கு. அந்த மனிதர் இன்னும் இதே ஊரில்தான் மாடி வீட்டில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். திறப்பு விழாவுக்கு அவரைத்தான் கூப்பிட வேண்டும் என்கிறான் பேரன். நான் அப்பா வர வேண்டும் என்கிறேன். ரிப்பனை அப்பா வெட்டட்டும். இன்ஜினியர் கீழே நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

நீ சிரிப்பாய். இவன் எதைத்தான் மறந்திருக்கிறான் என்பாய். பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சியில் நான் பால்பவுடர் டப்பாவில் பாய்லர் செய்தும், தலைமை ஆசிரியர் பையனுக்கு முதல் பரிசும் எனக்கு இரண்டாவதும் கொடுத்ததை நான் மறக்கவில்லை. என் பெயரைக் கூப்பிட்டபோது ஒருத்தர்கூடக் கை தட்டவில்லை. எல்லாரும் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்கள். அதையும் மறக்கவில்லை.

அப்பாவிடம் விஷயத்தைச் சொல். என்ன சொல்கிறார் என்று எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


ஜனவரி 27

அன்புத் தம்பி,

உன் கடிதம் வந்தது. நாங்கள் இருக்கிறோம். அப்பாவுக்கு இரைப்பு உண்டு, ஆனால் வாய் குறையவில்லை. அத்தான் உன்னை விசாரித்தார். அன்றைக்குப் போன் தானாகத்தான் கட்டானது என்று நானும் ஆறு வருடமாகச் சொல்கிறேன், நீ நம்பப் போவதில்லை. அவரும் இப்போதெல்லாம் மறுப்பதில்லை. ‘வெச்சேன்னே வெச்சுக்கோயேன்’ என்கிறார்.

வேலை கிடைத்ததில் சந்தோஷம். அந்தக் கடிகார விஷயத்தை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன், வயிறு குலுங்கச் சிரித்தார்.

அப்பாவுக்கும் படித்துக் காட்டினேன். பாய்லர் என்று வந்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, ‘பழைய இரும்புதானே, எடைக்குப் போட்டுட்டா என்னவாம்’ என்றார். அவ்வளவுதான். ரிப்பனைப் பற்றிப் பேச்சே இல்லை. இந்த இரைப்போடு எட்டு மணி நேரம் ரயிலில் வர அவரால் முடியாது, நீயே யோசி.

உன் பட்டியலைப் படித்ததும் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. பதினொரு வயதில் நீ ஒன்பது நாள் அப்பாவோடு பேசாமல் இருந்தாயே, சாப்பிடும்போதுகூடச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு? அம்மா தட்டைச் சுவரோரமாக நகர்த்தி வைப்பாள். எதற்காக என்று ஞாபகம் இருக்கிறதா?

சும்மா கேட்டேன். முட்டிக்கு ஒத்தடம் கொடு.

அக்கா


பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

முட்டி தேவலை. எதற்காகப் பேசாமல் இருந்தேன் என்று ஞாபகம் இல்லை. ஆனால் நியாயமான காரணமாகத்தான் இருந்திருக்கும்.

இங்கே இரண்டு விஷயம் நடந்தது. முதலாவது, இன்ஜினியர் வந்தார். ஆட்டோவில், கையில் ஒரு மரப்பெட்டியோடு. அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க வந்தாராம். நான் உள்ளே இருந்துகொண்டே இல்லையென்று சொல்லச் சொன்னேன். அவர் அரை மணி நேரம் படியில் காத்திருந்துவிட்டு, பெட்டியைக் காவலாளியிடம் கொடுத்துப் போனார். ‘சார்தான் திறக்கணும்னு சொல்லச் சொன்னாருங்க’ என்றான் காவலாளி. வரைபடக் கருவிகளும் கணக்கு அளவுகோலும் இருக்கும், வேறென்ன. தன் பெயர் எழுதிய பலகையோடு ஒரு கண்ணாடிப் பெட்டி வேண்டும் அவருக்கு. மரப்பெட்டி என் மேசைக்கு அடியில் கிடக்கிறது. கால் நீட்ட வசதியாக இருக்கிறது.

இரண்டாவது, கரிக்காரர் மகள் வந்தாள். பாய்லருக்குக் கரி தள்ளிக்கொண்டிருந்து, வெடித்தபோது செத்துப்போனாரே, அவருடைய பெண். எதிர்த்தெருவில் தையல் கடை வைத்திருக்கிறாள். கண்காட்சி அறைகளுக்குத் திரைத்துணி அவளிடம்தான் தைக்கக் கொடுத்தோம், அதுவரை யாரென்று எனக்குத் தெரியாது. அளவெடுத்து முடித்துவிட்டு பாய்லர் கொட்டகை வாசலிலேயே நின்றாள். உள்ளே வரவில்லை.

‘எங்கப்பா பேரு இதுல வருமா?’ என்று கேட்டாள்.

வரும் என்றேன்.

‘தண்ணி பாக்காம விட்டுட்டாருன்னா?’

விசாரணை அறிக்கை அப்படித்தான் சொல்கிறது அக்கா, உனக்குத் தெரியும். அப்பா வெளியே பம்பைப் பழுது பார்க்கப் போயிருந்தாராம். அந்த நேரத்தில் தண்ணீர் மட்டத்தைப் பார்க்கச் சொல்லி விட்டுப்போன கரிக்காரர் பார்க்கவில்லையாம். தண்ணீர் வற்றி, உள்ளே நெருப்புக் குழல் சூட்டில் சிவந்து, வெடித்ததாம். சாட்சி சொன்னது இன்ஜினியர். செத்தவர் மீது பழி. அப்பாவுக்கு வேலை நீக்கம். ‘தெருவில ஒருத்தர்கூட எங்கம்மாவ நிமிர்ந்து நடக்க விடலைங்க’ என்று மட்டும் சொன்னாள். அந்த அம்மாள் போய்ப் பத்து வருடம் ஆகிறதாம்.

அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். உங்கள் அப்பா மேல் தப்பில்லை என்று எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதி வைப்பேன் என்று சொல்லிவிட்டேன். அவள் கும்பிடவில்லை, அழவில்லை. ‘எழுதினப்புறம் பாக்கறேன்’ என்றாள். எனக்கு அது பிடித்திருந்தது.

அன்றைக்கு என்ன நடந்தது என்று அப்பாவைச் சொல்லச் சொல், நீ எழுதி அனுப்பு. நமக்குச் சாட்சி வேண்டும். எனக்கு அன்றைய நாள் கொஞ்சமும் ஞாபகம் இல்லை. பெரியம்மா வந்து பள்ளிக்கூடத்திலிருந்தே என்னை அவள் ஊருக்குக் கூட்டிப்போனாள், இரண்டு மாதம் கழித்துத்தான் திரும்பினேன் என்பது மட்டும்தான் தெரியும்.

அத்தானுக்கு வணக்கம் சொல்லலாம், அவர் கேட்டால்.

உன் தம்பி


மார்ச் 20

அன்புத் தம்பி,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். மூன்று முறை எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். நாங்கள் நலம்தான்.

கடிதத்தை அப்பாவிடம் படித்தேன், கரிக்காரர் மகள் வந்த இடம் வரைக்கும். ‘அந்தப் பொண்ணு என்ன பண்றா’ என்று கேட்டார். தைக்கிறாள் என்றேன். ‘கல்யாணம் ஆச்சா’ என்றார். நீ எழுதவில்லை என்றேன். அப்புறம் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. டாக்டர் வந்து பார்த்தார். இப்போது தேவலை.

தம்பி, ஒன்று சொன்னால் கேட்பாயா? பாய்லர் கொட்டகையைப் பூட்டிவிடு. தந்தி, டைனமோ, கடிகாரம் என்று காட்ட உனக்கு எத்தனையோ இருக்கிறது. பிள்ளைகள் வந்து பார்த்துச் சந்தோஷமாகப் போகட்டும். அந்தப் பெண்ணிடம் இடம் போதவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். நான் உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

உடம்பைக் கவனி. இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது.

அக்கா


மே 2

அக்கா,

நலமா என்று கேட்கும் நிலையில் நான் இல்லை, ஆனாலும் கேட்கிறேன். அப்பா சாப்பிடுகிறாரா?

உன் மார்ச் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. கோபம். இந்த ஊரில் எல்லாரும் எனக்குச் சொல்வதையே நீயும் சொன்னாய். அதை விடு.

வந்திருக்கும் பொருள்களுக்கெல்லாம் பட்டியல் வேண்டும் என்று பேரன் கேட்டான். வேறு வழியில்லாமல் மேசைக்கு அடியில் கிடந்த பெட்டியைத் திறந்தேன். மேலே நான் சொன்னதேதான், வரைபடக் கருவிகள். அடியில் துணி சுற்றிய ஒரு புத்தகம். பாய்லரின் லாக் புத்தகம். விசாரணையின்போது தீயில் எரிந்துபோனது என்று இன்ஜினியர் சத்தியம் செய்த அதே புத்தகம். ஒரு மூலைகூடக் கருகவில்லை.

உனக்குத் தெரியும்தானே, பாய்லரைப் பார்க்கிறவர் அரை மணிக்கு ஒரு தரம் போய்ப் பார்த்து, அழுத்தம் எவ்வளவு, கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எவ்வளவு என்று அந்தந்த நேரத்துக்கு எதிரில் எழுத வேண்டும். மார்ச் 14 பக்கத்தைப் புரட்டினேன். பாய்லர் வெடித்தது காலை பதினொன்று பத்துக்கு. கொட்டகைச் சுவரில் இருந்த கடிகாரமே அந்த நேரத்தில் நின்றுபோனது, இரண்டாவது அறையில் வைத்திருக்கிறேன். பக்கத்தில் எட்டு மணி, எட்டரை, ஒன்பது என்று வரிசையாக இருக்கிறது. பதினொன்றுக்கும் இருக்கிறது.

பதினொன்றரைக்கும் இருக்கிறது அக்கா. அழுத்தம் நூற்று இருபது, தண்ணீர் அரைக் கண்ணாடி. பன்னிரண்டுக்கு நூற்றுப் பதினெட்டு. இப்படியே இரண்டு மணி வரைக்கும். பாய்லர் வயிறு வெடித்துக் கிடந்த நேரத்துக்கெல்லாம் அழுத்தம் சீராக இருக்கிறது. ஒரு ஷிப்டு முழுவதையும் யாரோ காலையில் முதலிலேயே எழுதி முடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கையெழுத்து அப்பாவுடையது போலவே இருக்கிறது.

போலவே என்பதைக் கவனி. கிழவர் அப்பாவின் கையெழுத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார். முப்பத்தெட்டு வருடம் ஒளித்துவைத்து, நான் இங்கே வந்ததும் என் கையிலேயே கொடுத்திருக்கிறார். இதை நான் நிரூபிக்கப் போகிறேன். அப்பா எழுதிய ஏதாவது பழைய தாள் இருந்தால் உடனே அனுப்பு.

தம்பி


ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலம் என்று நம்புகிறேன். ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை.

தாள் நீ அனுப்பவில்லை. என்னிடமே ஒன்று இருந்தது. நான் விடுதியில் படித்தபோது அப்பா எழுதிய கார்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூன்றாவது அறைப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு. முற்றுப்புள்ளியை அவர் தாளில் பள்ளம் விழும்படி அழுத்துவார். பதினொன்றரைக்கு எதிரிலும் அந்தப் பள்ளம் இருக்கிறது. விரலால் தடவினால் தெரிகிறது.

முன்கூட்டியே எழுதிவைப்பது அந்தக் காலத்தில் எல்லாரும் செய்ததுதான் என்கிறான் காவலாளி, அவனும் மில்லில் இருந்தவன். எழுதிவிட்டு டீ குடிக்கப் போவார்களாம். ஆனால் நம் அப்பா? மதிப்பெண் அட்டையில் ஒவ்வொரு எண்ணையும் கூட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாத மனிதர். பம்பைப் பழுது பார்க்க இரண்டு மணி வரைக்கும் எழுதி வைத்துவிட்டா போவார்கள்?

அவர் எங்கே போனார் அக்கா?

உன் தம்பி


ஜூன் 15

தம்பி,

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். அப்பாவின் இரும்புப் பெட்டியில் இருந்தது. அவர் சொல்லித்தான் அனுப்புகிறேன். தேதியைப் பார்.

அக்கா


ஜூலை 1

அன்புள்ள அக்காவுக்கு,

தாள் வந்தது. ‘அறிவியல் கண்காட்சி, இரண்டாம் பரிசு.’ என் பெயர். கீழே தலைமை ஆசிரியரின் கையெழுத்து. மார்ச் 14.

கண்காட்சி பிப்ரவரியில் நடந்தது என்று நான் சத்தியமே செய்திருப்பேன். அந்தச் சான்றிதழ் எங்கே என்று இத்தனை வருடத்தில் ஒரு தரமாவது கேட்டேனா? முதல் பரிசு இல்லையே, எதற்குக் கேட்பேன்.

இப்போது எல்லாம் ஞாபகம் வருகிறது. ஒன்றையடுத்து ஒன்றாக, நிறுத்த முடியாமல். அதற்கு முந்தைய மாதம் ஆண்டு விழாவுக்கு அப்பா வரவில்லை. ஷிப்டு. அதற்காகத்தான் ஒன்பது நாள் பேசவில்லை. கண்காட்சிக்கும் வராவிட்டால் இனிமேல் பேசவே மாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன், அப்பா காதில் விழும்படி. நீ அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாய்.

அன்றைக்கு அவர் வந்தார். மில் சட்டையோடு, கடைசி வரிசையில்.

என் பெயரைக் கூப்பிட்டபோது எல்லாரும் ஏன் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள் என்று முப்பத்தெட்டு வருடமாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன். ஒரு சத்தம் கேட்டது. லாரி டயர் வெடித்தது என்றார் ஆசிரியர், நானும் நம்பினேன். பள்ளிக்கூடத்துக்கும் மில்லுக்கும் இரண்டு கிலோமீட்டர். ஒலி ஆறு நொடியில் வந்து சேரும். இருபத்திரண்டு வருடம் இதே கணக்கைக் கரும்பலகையில் போட்டவன் நான். மேடையிலிருந்து கீழே பார்த்தபோது கடைசி வரிசை நாற்காலி காலியாக இருந்தது. போய்விட்டார் என்று நினைத்தேன். அதற்கும் கோபப்பட்டேன்.

இன்ஜினியரைப் போய்ப் பார்த்தேன். கதவைத் திறந்ததும், ‘பெட்டியத் திறக்க இத்தனை நாளாச்சா?’ என்றார். கோபமாக இல்லை. பிப்ரவரியிலிருந்து தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அந்தப் பெட்டியின் மேல் நான் கால் நீட்டிக்கொண்டிருந்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ‘உங்கப்பா எங்கிட்ட கேட்டுட்டுத்தான் போனாரு. ஒரு மணி நேரம் சார், பையன் மூஞ்சியப் பாக்க முடியலன்னாரு. போயிட்டு வாய்யா, நான் பாத்துக்கறேன்னேன். பத்து மணிக்கு முதலாளி கூப்பிட்டாரு. புது மெஷின் படம் வந்திருந்துச்சு. நான் போயிட்டேன். தண்ணியப் பாக்கணும்னு கரிக்காரருகிட்ட ரெண்டு பேருமே சொல்லல. அவருக்கு அதப் பாக்கவும் தெரியாது.’

பிறகு புத்தகத்தை ஒளித்தார். அது வெளியே வந்தால் அப்பாவுக்குச் சிறை. அப்பா வாயைத் திறந்தால் இவருக்கும் சிறை. இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே இல்லையாம். இவர் பம்பு என்றார், அப்பா ஆமாம் என்றார். மிச்சம் இருந்தது செத்தவர் ஒருவர்தான்.

‘நான் போயிட்டா இதத் தூக்கிக் குப்பையில போட்டுடுவாங்க. நீதான் வரலாறு எழுதறவன். எழுது’ என்றார். அவரை நான் முப்பத்தெட்டு வருடமாக வெறுத்தது தப்பு என்று இப்போதும் சொல்ல முடியவில்லை. வெறுக்க வேண்டியவர்களின் வரிசையில் அவருக்கு முன்னால் அப்பாவும் நானும் நிற்கிறோம், அவ்வளவுதான்.

நீ எல்லாம் தெரிந்தேதான் இருந்திருக்கிறாய்.

தம்பி


ஜூலை 19

அன்புத் தம்பி,

ஆமாம், தெரியும். எனக்கு அப்போது பதினாறு வயது. பெரியம்மா உன்னைக் கூட்டிப்போன அன்றைக்கே அப்பா என்னையும் அம்மாவையும் உட்கார வைத்து, ‘அவனுக்கு இது தெரியக் கூடாது’ என்றார். ஒரே வார்த்தை. அம்மா போகும்வரை காப்பாற்றினாள். நானும் காப்பாற்றினேன். நீ ஒவ்வொரு கடிதத்திலும் இன்ஜினியரைத் திட்டும்போது, திட்டட்டும், அந்தப் பக்கமே திட்டிக்கொண்டிருக்கட்டும் என்றுதான் இருந்தேன்.

அந்தப் பெண்ணைப் பற்றி மட்டும் நான் நினைக்கவே இல்லை. நம் வீட்டில் ஒரு குழந்தையைக் காப்பாற்றினோம் என்று நினைத்தோம். அவர்கள் வீட்டிலும் ஒரு குழந்தை இருந்தது.

இனி நீ என்ன எழுதினாலும் சரி. அப்பாவிடம் கேட்டேன். ‘அவன் எழுதட்டும், எனக்குப் படிச்சுக் காட்டு’ என்றார்.

சாப்பிடாமல் இருக்காதே.

அக்கா


ஆகஸ்டு 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சாப்பிடுகிறேன். அப்பாவுக்கு இரைப்பு எப்படி இருக்கிறது?

பலகை தயார். பெயிண்டர் நேற்று எழுதி முடித்தார். பலகையில் எல்லாரும் பெயரோடு இருக்கிறார்கள், கரிக்காரரும்தான்; இங்கே பெயர்களை விட்டு எழுதுகிறேன், அப்பாவுக்குப் படித்துக் காட்டு:

‘இந்தப் பாய்லர் மார்ச் 14 காலை 11.10க்கு வெடித்தது. பாய்லர் பொறுப்பாளர், அன்றைய அளவுகள் எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு, மகனின் பள்ளிக் கண்காட்சியைப் பார்க்க ஒரு மணி நேரம் வெளியே போயிருந்தார். பார்த்துக்கொள்கிறேன் என்று அனுமதி கொடுத்த இன்ஜினியரும் அங்கே இல்லை. தண்ணீர் மட்டத்தைப் பார்க்க யாரும் சொல்லித்தராத கரித் தொழிலாளி, தன் வேலையைச் செய்துகொண்டிருந்தபோது இறந்தார். அவர் மீது சுமத்தப்பட்ட பழி பொய். அந்த மகனே இதை எழுதியவர்.’

கீழே கண்ணாடிப் பெட்டியில் லாக் புத்தகத்தை அந்தப் பக்கத்தில் திறந்து வைத்திருக்கிறேன். பக்கத்தில் என் சான்றிதழ்.

பேரன் வந்து படித்தான். ‘விழா நேரத்துல இது எதுக்கு சார்?’ என்றான். கடிகாரத்து வரியை எடுத்தேன், இதை எடுக்க மாட்டேன், வேண்டுமானால் என்னை எடு என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போயிருக்கிறான். இன்ஜினியர் அவனுக்கு ஆள் அனுப்பி, தான் ரிப்பன் வெட்டப் போவதில்லை, ஆனால் பலகை இருக்கட்டும் என்று சொன்னாராம்.

பலகையை மாட்டுவதற்கு முன்னால் கரிக்காரர் மகளிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று அவள் கடைக்குப் போனேன். மெஷினை நிறுத்தாமலே கேட்டாள். பாதியில் நிறுத்தினாள். முழுவதையும் சொன்னேன், ஒன்பது நாள் பேசாமல் இருந்தது உட்பட.

‘நீங்க பெரிய மனுஷன் மாதிரி வந்து வாக்குக் கொடுத்தீங்க’ என்றாள். ‘அப்ப உங்களுக்குத் தெரியாதுதான். ஆனா உங்கப்பாவுக்குத் தெரியும்ல? எங்கம்மா செத்தப்பவும் தெரியும்ல?’

தெரியும் என்றேன்.

‘திரைத்துணி முடிஞ்சிருச்சு. ஆள் அனுப்பி எடுத்துக்குங்க. நீங்க வர வேண்டாம்.’

மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. நான் திரும்பி வந்தேன்.

உன் தம்பி


ஆகஸ்டு 16

அன்புத் தம்பி,

அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, காது கேட்பதற்கும் அதுதான் வேண்டும் என்பது போல, உட்கார்ந்து கேட்டார். முடித்ததும் மறுபடி படிக்கச் சொன்னார். பிறகு, ‘ஒரு மணி நேரம்னு போட்டிருக்கான். தப்பு’ என்றார்.

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அவர் வார்த்தைகள்தான்:

‘ஒரு மணி நேரம்னு கேட்டுட்டுத்தான் போனேன். ஒம்பதரைக்குக் கெளம்பினேன். பத்தரைக்கு எந்திரிச்சு வாசல் வரைக்கும் வந்துட்டேன். அப்பவே திரும்பியிருந்தா தண்ணியப் பாத்திருப்பேன். அவன் மேடைக்குப் பக்கத்துல இருந்து என்னையே பாத்துட்டிருந்தான். மூஞ்சி சுருங்கிப் போச்சு. பரிசு கொடுக்கற வரைக்கும் இருந்துட்டுப் போவோம்னு மறுபடி வந்து உக்காந்துட்டேன். அனுமதி வாங்கினது ஒரு மணி நேரத்துக்கு. வெளிய இருந்தது ஒரு மணி நாப்பது நிமிஷம். அந்த நாப்பது நிமிஷத்துக்கு இன்ஜினியர் பொறுப்பு இல்ல, பையனும் பொறுப்பு இல்ல. நானாத்தான் உக்காந்தேன். சரியா எழுதச் சொல்லு. ஒரு தடவை தப்பா எழுதினது போதும்.’

இதைச் சொல்லிவிட்டு நன்றாகத் தூங்கினார். வெகு நாளைக்குப் பிறகு.

அத்தான் இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். போன் பண்ணச் சொல்லு, அன்றைக்கு நானேதான் வெச்சேன் என்று எழுதச் சொல்கிறார்.

அக்கா


செப்டம்பர் 7

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

திறப்பு விழா நடந்தது. ரிப்பனைப் பேரனே வெட்டினான். பாய்லர் கொட்டகைக்குள் வராமல் மூன்று அறைகளை மட்டும் பார்த்துவிட்டுப் போனான். பலகை இருக்கிறது. நானும் இருக்கிறேன், இந்த வருடக் கடைசி வரைக்குமாவது.

பெயிண்டரைக் கூப்பிடவில்லை. ‘ஒரு மணி நேரம்’ என்பதை நானே அடித்துவிட்டு மேலே எழுதினேன். ஒன்பதரைக்குக் கிளம்பியது, பத்தரைக்கு எழுந்தது, மறுபடி உட்கார்ந்தது, எல்லாம். அடித்தது தெரிகிறது. தெரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

கரிக்காரர் மகள் விழாவுக்கு வரவில்லை. நான்காம் நாள் கடையைப் பூட்டிவிட்டு வந்தாள். என்னைப் பார்க்காமல் உள்ளே போனாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு போவது எப்படி என்று எனக்குத் தெரியும் அக்கா, அதில் நான் பழுத்தவன். அவளுடையதில் ஒரு குறையும் இல்லை. நான் வாசலிலேயே நின்றுகொண்டேன்.

பலகையை மெதுவாகப் படித்தாள். புத்தகத்தைக் குனிந்து பார்த்தாள். பதினொன்றரை வரிக்கு மேல் கண்ணாடியில் விரலை வைத்தாள். திரும்பி வரும்போது என் முன்னால் நின்றாள், பேசுவதற்கு அல்ல, கேட்பதற்கு.

‘அது யாரு அடிச்சுத் திருத்தினது?’

நான்தான் என்றேன். அப்பா திருத்தச் சொன்னார், ஒரு மணி நேரம் இல்லை, ஒரு மணி நாற்பது நிமிடம் என்றேன்.

‘அவரே சொன்னாரா?’

‘அவரேதான்.’

தெருப் பக்கம் திரும்பினாள்.

‘அப்ப அவருக்கு நிமிஷம் வரைக்கும் ஞாபகம் இருக்கு’ என்றாள்.

அவ்வளவுதான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, சொல்வாள் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. தெருவைத் தாண்டிப் போய்க் கடையைத் திறந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் போன் பண்ணுகிறேன். அத்தான் எடுத்தால் எடுக்கட்டும். அதற்கு முன்னால் அவள் சொன்னதை அப்பாவிடம் சொல்லிவிடு. அவள் சொன்னபடியே சொல், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

உன் தம்பி